இறங்கிப் போகும் கலங்கரை விளக்கம்

கலங்கரை விளக்கம் என்றால் அண்ணாந்து பார்க்க வேண்டிய ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன். கலிஃபோர்னியாவில் பாயின்ட் ரேயஸுக்குப் போனால் குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. மலை விளிம்பிலிருந்து 313 படி இறங்கினால்தான் விளக்கு.

முதல் தடவை விளக்கைப் பார்க்காமலே திரும்பினேன். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி, அரை மைல் நடந்து போனால் படிக்கட்டு பூட்டிக் கிடந்தது. காற்று மணிக்கு 40 மைலைத் தாண்டினால் மூடிவிடுவார்களாம். விசாரிக்காமல் கிளம்பியது என் தப்பு. அங்கே 133 மைல் வேகம்கூட ஒருமுறை பதிவாகியிருக்கிறது. வழியிலுள்ள சைப்ரஸ் மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து வளர்ந்திருப்பதைப் பார்த்தாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

இரண்டாம் தடவை அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். ஜனவரி மாதம், சாம்பல் திமிங்கலங்கள் தெற்கே போகும் சமயம். புடவைமேல் ஜெர்கின், தலையில் மங்கி குல்லாய். மேலே நின்றால் முன்னால் வெறும் வெள்ளை. கடல் எங்கே, வானம் எங்கே என்று தெரியவில்லை. அலைச் சத்தம் மட்டும் கீழேயிருந்து வந்தது.

"சாமி பார்க்கன்னா ஏறிப் போவோம். இங்க என்னடா, இறங்கச் சொல்றே?"

அதற்குக் காரணம் அந்தப் பனிமூட்டம்தான். மலை உச்சியில் விளக்கு வைத்தால் மூட்டத்துக்குள் மாட்டிக்கொள்ளும், கப்பலுக்குத் தெரியாது. அதனால் பாதி மலையில் வெடி வைத்துப் பாறையைத் தகர்த்து, இடம் சமன் செய்து, 1870இல் கட்டியிருக்கிறார்கள். நூற்றைம்பதாவது படி வாக்கில் எங்களுக்கே அது புரிந்தது. மூட்டம் தலைக்கு மேலே போய்விட, கீழே ஆரஞ்சு நிறம் படிந்த பாறைகளும் வெள்ளை நுரையும் பளிச்சென்று தெரிந்தன.

கோபுரம் குட்டையானது, 37 அடிதான். ஆனால் உள்ளே இருக்கும், வெளிச்சத்தைக் குவித்துத் தூரத்துக்கு அனுப்பும் ஃபிரெனெல் லென்ஸைப் பார்த்ததும் அம்மா பேச்சை நிறுத்திவிட்டார். 1867இல் பிரான்சில் செய்தது. தென்னமெரிக்க முனையைச் சுற்றிக் கப்பலில் வந்து, கடைசி மூன்று மைல் மாட்டுவண்டியில் வந்திருக்கிறது. ஆயிரத்துச் சொச்சம் கண்ணாடித் துண்டுகள், 24 பலகங்களாக. இரண்டு நிமிடத்துக்கு ஒரு சுற்று, ஆக பலகத்துக்கு ஒன்று வீதம் ஐந்து நொடிக்கு ஒரு மின்னல். அந்த இடைவெளியை எண்ணித்தான் மாலுமி இது எந்த விளக்கு என்று கண்டுகொள்வான்.

மின்சாரம் வருமுன் அதைச் சுற்றியது கடிகார இயந்திரம். 170 பவுண்டு எடை மெல்ல மெல்லக் கீழே இறங்கும். இரண்டு மணி இருபது நிமிடத்துக்கு ஒருதரம் அதை மேலே ஏற்றிச் சாவி கொடுக்க வேண்டும். இரவு முழுக்க இதே வேலை. "நம்ம வீட்டுச் சுவர்க் கடிகாரத்துக்கு வாரம் ஒருதரம் சாவி கொடுக்கவே உங்கப்பாவுக்கு வலிக்கும்" என்றார் அம்மா.

அங்கிருந்த ரேஞ்சர் (பூங்கா ஊழியர்) சொன்னதில் எனக்குப் பிடித்தது 1906 பூகம்பக் கதை. ஏப்ரல் 18 விடிகாலை 5:12க்கு இந்த முனையே வடக்கே 18 அடி நகர்ந்துவிட்டது. லென்ஸ் தடத்தைவிட்டு நழுவியது. விளக்கை அணைக்க வேண்டிய நேரம் 5:25. ஆக, கடமையில் தவறியது பதின்மூன்றே நிமிடம். சான் பிரான்சிஸ்கோ எரிந்துகொண்டிருந்த அன்று இரவு இங்கே விளக்கு வழக்கம்போல எரிந்திருக்கிறது. 1975இல் தானியங்கி விளக்கு வந்ததும் இந்தப் பழைய லென்ஸுக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

திமிங்கலம் ஒன்றும் கண்ணில் படவில்லை. தூரத்தில் ஒரு நீர்ப்பீச்சு தெரிந்தது என்று அம்மா இன்றுவரை சாதிக்கிறார். எனக்கு அலையாகத்தான் பட்டது.

திரும்பி ஏறுவதுதான் பாடு. முப்பது மாடி ஏறுவதற்குச் சமம். இளைப்பாறும் இடத்தில் உட்கார்ந்தபோது, ரேஞ்சர் சொன்ன இன்னொரு சங்கதியை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். 1889இல் விளக்கைப் பார்த்துக்கொண்ட உதவியாளர் ஒருவருக்குப் புத்தி பேதலித்துப்போக, அவரை ஒலேமா என்ற ஊரின் போலீஸ்காரரிடம் ஒப்படைத்தார்களாம். விளக்கின் தினக்குறிப்பிலேயே அது இருக்கிறது.

அம்மா முழங்காலைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார்.

"பாவம். சாப்பாடெல்லாம் யாரு மேலேர்ந்து கொண்டு வந்து கொடுத்தாங்களாம்?"

எனக்குத் தெரியவில்லை. இன்னும் நூறு படி இருந்தது.