புதுப்பிப்பு: எம்.ஏ. ஆங்கிலத்தில் சேர்ந்துவிட்டேன்

கணிதப் பட்டம் முடித்தவன் எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கலாமா என்று போன ஆண்டு கேட்டிருந்தேன். "கதை வாசிக்கத் தெரிந்தால் போதும்" என்றார் ஒருவர். "மொழியியலில் மாட்டிக்கொள்வீர்கள்" என்று பயமுறுத்தினார் இன்னொருவர். முதல் பருவம் முடிந்துவிட்டது. இரண்டாமவர் வாக்குத்தான் பலித்தது.

ஒலியியலில் 26 எழுத்துகளை மறந்துவிட்டு 44 ஒலிகளைப் பழக வேண்டும். உயிரொலிகளே 20! காது பழகும்வரை தலைவலிதான்.

யாப்பு வகுப்பு வேறு ரகம். ஷேக்ஸ்பியரின் சானெட் என்னும் கவிதை வடிவத்தில் 14 வரிகள். பெரும்பாலும் வரிக்குப் பத்து அசை, ஐந்து அழுத்தம். மேசையைத் தட்டிக்கொண்டே உரக்க வாசித்தால் சந்தம் பிடிபடுகிறது. வெண்பாவுக்கு அசை பிரித்துப் பழகியவர்களுக்குப் பாதி வேலை மிச்சம். ஆனால் குறில் நெடில் கணக்கு இங்கே செல்லாது. அழுத்தம் வைத்ததே சட்டம். எனக்கு மிகவும் பிடித்த பாடம் இதுதான்.

14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசர், உரை இல்லாமல் நகர மறுக்கிறார்.

நெட் (கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு) பற்றிக் கேட்டவர்களுக்கு: இரண்டு தாள்கள், 150 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. இலக்கியக் கோட்பாடுகளில் தொடங்கியிருக்கிறேன். பழைய வினாத்தாள்கள் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.