முழுங்கினா நெஞ்சுல நிக்குது: மும்பைத் தமிழர்களே, உங்களுக்கு நடந்திருக்கா?

செம்பூர்க்காரி:
இட்லி நெஞ்சுக்கு நடுவுல நின்னுச்சு, அதுதான் ஆரம்பம். வயசு 34. சுகர் இல்ல, இருமல் இல்ல, எச்.ஐ.வி. நெகட்டிவ். 2 மாசம் அசிடிட்டி மாத்திரையிலயே ஓடிச்சு. எண்டோஸ்கோப்பியில உணவுக்குழாய் நடுவுல புண்ணு. எல்லாரும் கேன்சர்னு நெனச்சு நடுங்கிட்டோம். சதைத் துணுக்கு எடுத்துப் பாத்த பயாப்ஸியில வந்தது டி.பி. மூச்சுக்குழாய் பக்கத்து நெறிக்கட்டியில இருந்து இறங்கியிருக்குன்னு சி.டி.யில தெரிஞ்சுது. நுரையீரல் சுத்தம்.
அன்னிக்கு ராத்திரி அத்தை என் தட்டையும் டம்ளரையும் தனியா எடுத்து சன்னலோரம் கவுத்து வெச்சாங்க. ஒரு வார்த்தை பேசல. 6 மாச மருந்து முடிஞ்சாச்சு, அடைகூட இறங்குது. அந்தத் தட்டு கண்ணுலயே நிக்குது.

முலுண்ட்வாசி:
படிக்கிறவங்க பயந்துடப் போறாங்க. எனக்கும் புண்ணுதான், ஆனா கிருமி இல்ல. பருவுக்குக் குடுத்த டாக்ஸிசைக்ளினை ஒரு வாய் தண்ணியில போட்டுட்டுப் படுத்துட்டேன். விடியக்காலம் எச்சில் முழுங்கினாலே உயிர் போச்சு. மருந்தை மாத்தினாங்க, ஆறிடுச்சு.
எல்லாரும் கேட்டுக்குங்க: மாத்திரைக்கு ஒரு முழு டம்ளர் தண்ணி. நின்னுக்கிட்டோ உக்காந்தோ முழுங்கணும். அரை மணி நேரம் படுக்கக் கூடாது. ராத்திரி டாக்ஸிசைக்ளின்னா சாப்பாட்டோட முடிச்சிடுங்க. வயசானவங்களுக்குப் பக்கத்துல நின்னு குடுங்க. நல்ல உடம்புல உணவுக்குழாய்க்குள்ள கிருமி தங்கறது அபூர்வம். எச்சிலும் குழாயோட அசைவும் கீழ தள்ளிக்கிட்டே இருக்கும்.

தாராவித் தம்பி:
அண்ணே, "அபூர்வம்"னு எங்ககிட்டயும் சொன்னாங்க. அதை நம்பி எங்க அண்ணன் 5 மாசம் ஆன்டாசிட் குடிச்சாரு, 11 கிலோ இளைச்சாரு. நம்ம ஊர்ல டி.பி.யை எப்படிங்க மறக்கிறது? முதல் பயாப்ஸியில ஒண்ணும் தெரியல. மறுபடி ஆழமா எடுத்து, டி.பி. கிருமியோட மரபணுவைத் தேடுற சிபிநாட் டெஸ்டுக்கு அனுப்பினப்பதான் பிடிபட்டுச்சு. 2 மாசம் நாலு மருந்து, அப்புறம் 4 மாசம் மூணு. எல்லாம் அரசாங்கத்துல இலவசம்.
மருந்து ஆரம்பிச்ச அன்னிக்கு ராத்திரி பாத்ரூம்ல இருந்து அண்ணன் போட்ட சத்தம் மறக்காது. சிறுநீர் செக்கச்செவேல்னு போகுது, ரத்தம்னு நெனச்சுட்டாரு. அந்த நாலு மருந்துல ஒண்ணான ரிஃபாம்பிசின் அப்படித்தான் நிறம் மாத்தும்னு யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்.
அக்கா, டி.பி. தட்டு டம்ளர்ல பரவாது. உங்களுக்கு நுரையீரல்லயும் இல்லையே.

செம்பூர்க்காரி:
டாக்டரே அத்தையைக் கூப்பிட்டுச் சொன்னார் தம்பி. அப்புறமும் ரெண்டு வாரம் தட்டு சன்னல்லதான் இருந்துச்சு. டி.பி. மருந்து சிலருக்கு ஈரலைப் பாதிக்கும், அண்ணனுக்கு ஈரல் டெஸ்ட் எடுத்தீங்களா? எனக்கு நடுவுல வாந்தி வந்தப்ப உடனே எடுக்கச் சொன்னாங்க.