டெலிப்ராம்ப்டரில் எழுத்து இரட்டையாகத் தெரிகிறது, படிக்கும்போது கண் ஓடுவதும் தெரிகிறது. உதவுங்கள்

முக்காலி:
கேமராவைப் பார்த்தபடியே படிக்க, எழுத்தைக் கண்ணாடியில் காட்டும் டெலிப்ராம்ப்டர் ஒன்றை நானே செய்தேன். மரச்சட்டத்தில் 3 மி.மீ. சாதாரண கண்ணாடியை 45 டிகிரி சாய்த்து, கீழே டேப்லெட்டைப் படுக்க வைத்து, பின்னால் கேமராவை வைத்துக் கறுப்புத் துணியால் மூடியிருக்கிறேன். செயலியில் எழுத்தைத் திருப்பிப் போடும் வசதி இருக்கிறது, அதனால் எழுத்து நேராகவே வருகிறது. ஆனால் ஒவ்வொரு எழுத்தையும் ஒட்டி மங்கலாக இன்னொன்று நிற்கிறது. வீடியோவைப் போட்டுப் பார்த்தால், பரீட்சையில் பக்கத்துப் பையன் தாளைப் பார்ப்பவன் மாதிரி கண் இப்படியும் அப்படியும் போகிறது. எழுத்துக்கும் எனக்கும் 60 செ.மீ. இருக்கும். டேப்லெட்டைக் குறுக்காகத் திருப்பினால் எழுத்து மறைந்தே போகிறது, இது ஏன் என்றே புரியவில்லை.

ஒளிக்கற்றை:
இரட்டை எழுத்துக்குக் காரணம் கண்ணாடிதான். சாதாரண கண்ணாடியின் முன்பக்கமும் பின்பக்கமும் தனித்தனியாகப் பிரதிபலிக்கும், 3 மி.மீ. தடிமனில் இரண்டாவது பிம்பம் 2 மி.மீ.க்கு மேல் தள்ளி விழும். பீம் ஸ்ப்ளிட்டர் கண்ணாடி வாங்குங்கள், ஒரு பக்கம் பூச்சு போட்டு, ஒளியில் ஒரு பங்கைத் திருப்பி மீதியை ஊடுருவ விடும் கண்ணாடி அது. 70/30 வகை போதும், 70 சதவீத ஒளி கேமராவுக்குப் போகும், அரை ஸ்டாப் (கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் படி) இழப்புதான். பூச்சுள்ள பக்கம் உங்களைப் பார்த்து இருக்க வேண்டும். எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் பென்சில் முனையை வைத்துப் பாருங்கள், முனையும் அதன் பிம்பமும் தொட்டுக்கொண்டால் அதுதான் பூச்சு, இடைவெளி தெரிந்தால் மறுபக்கம்.

டேப்லெட் திரையிலிருந்து வருவது போலரைஸ்டு ஒளி, அதாவது ஒரே திசையில் அதிரும் ஒளி. 45 டிகிரியில் சாதாரண கண்ணாடியின் ஒவ்வொரு பக்கமும் ஒரு திசை ஒளியை 9 சதவீதம் திருப்பும், அதற்குக் குறுக்கான திசையை 1 சதவீதம்கூடத் திருப்பாது. அதனால்தான் திருப்பினால் மறைகிறது.

மூன்றாம் வரி:
கண் ஓடுவதற்குத் தூரம்தான் மருந்து, கண்ணாடியை மாற்றி இது தீராது. 20 செ.மீ. அகல வரியை 60 செ.மீ. தூரத்தில் படித்தால் கண் 19 டிகிரி திரும்ப வேண்டும், 2 மீட்டரில் 6 டிகிரிகூட ஆகாது.

முக்காலி:
தள்ளிப் போனால் நான் சின்னதாகத் தெரிவேனே? எழுத்தும் படிக்க வராதே?

மூன்றாம் வரி:
லென்ஸை மாற்றுங்கள். 60 செ.மீ.யில் 24 மி.மீ. லென்ஸ் தரும் அதே சட்டகம் 1.5 மீட்டரில் 60 மி.மீ.க்கு வந்துவிடும், முகமும் மூக்கு பெருத்துத் தெரியாமல் இருக்கும். எழுத்தை இரண்டு மடங்காக்குங்கள். தமிழில் சொற்கள் நீளம் என்பதால் வரிக்கு இரண்டு மூன்று சொல்தான் நிற்கும், நிற்கட்டும், கண்ணுக்கு வேலை குறைவுதான். ஆனால் 'செய்துகொண்டிருக்கிறார்கள்' மாதிரி ஒன்று வந்தால் செயலி அதை எங்கேயாவது உடைத்துவிடும், அதைத் தாளிலேயே 'செய்கிறார்கள்' என்று மாற்றிவிடுவது நல்லது, பேசும்போதும் நன்றாக இருக்கும். 2 மீட்டருக்குத்தான் போக வேண்டும் என்றால் டேப்லெட்டை விட்டுவிட்டு மானிட்டருக்கு மாறுங்கள்.

ஒளிக்கற்றை:
அப்புறம் ஒன்று, கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வையுங்கள், கண்ணாடியில் தேவையில்லாத வெளிச்சம் படியாது. படிக்கும் வரி லென்ஸின் நடுவுக்கு நேராக வர வேண்டும், கீழே போனால் கண் இறங்குவது தெரியும்.

முக்காலி:
நன்றி. 1.5 மீட்டரில் வைத்துப் பார்த்தேன், பழைய கண்ணாடியோடேயே கண் ஓட்டம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. இரட்டை எழுத்து அப்படியேதான் இருக்கிறது, 70/30 கண்ணாடிக்குச் சொல்லியிருக்கிறேன்.