மண்டபத்தை மூடியது அவர்கள், ரத்து செய்தது நானாம். முன்பணம் திரும்பக் கிடைக்குமா?

2020 ஜனவரியில் ஒரு மண்டபத்துக்கு முழு வாடகையும் கட்டினேன். நிகழ்ச்சி ஏப்ரல் 4. மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது; அடுத்த வாரமே இங்கே கூட்டங்களுக்குத் தடை. மண்டபத்திலிருந்து அவர்களே போன் செய்து, "மூடிவிட்டோம், வர வேண்டாம்" என்றார்கள்.

சரி, பணம் வந்துவிடும் என்றிருந்தேன். வந்தது ஒரு தாள். அதில் காரணம் என்ற இடத்தில் பேனாவால் "வாடிக்கையாளர் ரத்து" என்று எழுதியிருக்கிறது. ஒப்பந்தத்தின் 9ஆவது பிரிவுப்படி வாடிக்கையாளர் ரத்து செய்தால் பணம் கிடையாது. 'ஃபோர்ஸ் மஜூர்', அதாவது யார் கையிலும் இல்லாத தடை பற்றி ஒரு வரிகூட இல்லை.

நான்கு முறை போன், இரண்டு மின்னஞ்சல், அப்புறம் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால். அட்டை கையெழுத்தாகி வந்தது, பதில் வரவில்லை. இந்த வருடத்துக்குள் வேறு தேதி தருகிறோம் என்று வாய்மொழியாகச் சொன்னதோடு சரி. எனக்கு அது பயன்படாது.

அரசுத் தடையால் அவர்களே மூடியதற்கு இந்த 9ஆவது பிரிவு செல்லுமா?