வீட்டருகே குளக்கரை, சூரியன் இறங்கும் நேரம்: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

பெரியகுளத்துப் பக்கத்துவீடு:

கோவை உக்கடம் பெரியகுளத்தின் கரையை இங்கே பலரும் அறிவீர்கள் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். மாசி மாதக் கடைசியில் ஒரு மாலை, வெள்ளியங்கிரிப் பக்கம் சூரியன் இறங்கிக்கொண்டிருக்க, கரையில் நின்றவர்கள் எல்லோரும் பேச்சைக் குறைத்து மேற்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது பரிசலில் வலை விரித்துக்கொண்டிருந்த ஒருவர், மீனை வலைப்பக்கம் விரட்டுவதற்காகத் துடுப்பால் தண்ணீரைத் தப்தப்பென்று அடிக்கத் தொடங்கினார். தண்ணீரில் நீளமாகக் கிடந்த சிவப்பு ஒளி துண்டுதுண்டாகச் சிதறியது. என் பக்கத்தில் நின்றவர் பொறுக்க முடியாமல், "ஏனுங்க, கொஞ்ச நேரம் சும்மா இருக்கக் கூடாதுங்களா?" என்று உரக்கக் கேட்டுவிட்டார். பரிசல்காரர் திரும்பிப் பார்த்து, "வெளிச்சம் போறதுக்குள்ள வலை போடோணுமுங்க. நீங்க பாருங்க, நான் ஒண்ணும் மறைக்கலையே" என்றார். அப்படிச் சொன்னவர், யாரும் கேட்காமலேயே பரிசலை அந்த ஒளிக்கோட்டிலிருந்து விலக்கிச் சற்று வடக்கே தள்ளிக்கொண்டு போனார். கோபமாகப் போனாரா, எங்களுக்காக விட்டுக்கொடுத்துப் போனாரா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அதன்பிறகு சூரியன் எப்படி மறைந்தது என்பதும் நினைவில் இல்லை.

முக்குளிப்பான்:

நான் சிங்காநல்லூர்க் குளத்துக்காரன். 2017இல் நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவிக்கப்பட்டதே, அந்தக் குளம்தான். எனக்கு உறுத்துவது வேறு. வட்டம் மலைக்குள் விழுந்ததும் கூட்டம் மொத்தமும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுகிறது. சூரியனின் அடிவிளிம்பு தொடுவதிலிருந்து முழுதும் மறைவதற்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் ஆகிறது. அந்த இரண்டு நிமிடத்தைத்தான் இவர்கள் அந்தி என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். உண்மையான நிறம் அதற்குப் பிறகுதான் வரும். தரையில் நிற்கும் நமக்குச் சூரியன் மறைந்துவிட்டாலும் உயரத்தில் இருக்கும் மேகங்களுக்கு இன்னும் மறையவில்லை என்பதால், அவற்றின் அடிவயிற்றில் வெளிச்சம் பட்டு வானம் இரண்டாம் முறை சிவக்கிறது.

சென்ற மார்கழியில், பள்ளிச் சீருடையோடு மிதிவண்டியில் வந்த ஒரு சிறுவன், எல்லோரும் கிளம்புவதைப் பார்த்துவிட்டு, "அண்ணா, முடிஞ்சுதா?" என்று கேட்டான். இல்லை, இரு என்றேன். கொஞ்ச நேரத்தில் மேகம் பற்றிக்கொண்டது. குளிர்காலத்துக்கு வரும் தகைவிலான் குருவிகள் எங்கிருந்தோ திரண்டு சம்பங்கோரைக்கு மேலே சுழன்று சுழன்று பறந்து, யாரோ சைகை காட்டியதுபோல ஒரே கணத்தில் கோரைக்குள் இறங்கின. பையன் மிதிவண்டியின் கைப்பிடியை விடவே இல்லை. "அப்ப அது இண்டர்வெல்தான்" என்று சொல்லிவிட்டு அழுத்திக்கொண்டு போய்விட்டான்.

அமைதி நாடுவோன்:

முக்குளிப்பான் சொல்லும் இரண்டாம் சிவப்பை எங்கள் பகுதிக் குளத்தில் பார்க்கவே முடியாது. ஆறு மணி அடித்ததும் விளக்குகளை எரியவிட்டுவிடுகிறார்கள். ஜூலையில் கோவையில் சூரியன் மறைய ஆறே முக்காலுக்கும் மேல் ஆகிறது. ஆனால் விளக்குக்கு ஆடி என்றும் கார்த்திகை என்றும் வேறுபாடு கிடையாது. ஒருநாள் சூரியன் மலைக்கு மேல் ஒரு விரற்கடை உயரத்தில் நிற்கும்போதே கைப்பிடிச் சுவர் நெடுக ஊதா விளக்குகள் எரிந்து, தண்ணீரில் கிடந்த செம்மை முழுவதும் கத்தரிக்காய் நிறமாகிவிட்டது. என் பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த இளைஞர்கள் அதைக் கண்டு கைதட்டினார்கள். எனக்கு ஆறாதது அந்தக் கைதட்டல்தான். பரிசல்காரர் துடுப்பால் தண்ணீரை அடித்ததைக் கண்டித்த மனிதர், இந்த விளக்குக்காரர்களை ஒரு வார்த்தை கேட்பாரா?

ரெண்டாவது வீதி மருமகள்:

விளக்கு வேண்டாம் என்று சொல்வோர் பெரும்பாலும் ஆண்களாகவே இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? கரையைச் சீரமைத்து நடைபாதை போடுவதற்கு முன்னால் அங்கே சீமைக்கருவேலமும் உடைந்த பாட்டில்களும்தான் கிடந்தன. ஆறு மணிக்கு மேல் அந்தப் பக்கம் நாங்கள் எட்டிப் பார்த்ததில்லை.

என் மாமியார் கல்யாணமாகி வந்த நாள் முதல் குளத்திலிருந்து இரண்டு வீதி தள்ளித்தான் குடியிருக்கிறார். மாலை என்றால் வாசல் தெளிப்பது, விளக்கு வைப்பது, அடுப்பு மூட்டுவது என்றே அவருக்குப் போயிருக்கிறது. போன வருடம் முழங்கால் வலிக்கு நடக்கச் சொல்லி மருத்துவர் கூறியதால் கையைப் பிடித்துக் கரைக்கு அழைத்துப் போனேன். சூரியன் தண்ணீருக்கு மேல் நிற்கும்போது அவர் முந்தானையைக் கண்ணுக்கு மேல் மறைப்பாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, "இத்தனை வருசமா இங்கதான் உளுந்துட்டு இருந்துச்சா?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன், அவர் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மாமனாரிடம், "நீங்க தெனமும் போய்ப் பாத்துட்டுத்தான வந்தீங்க, ஒரு நாளாச்சும் சொன்னீங்களா?" என்று கேட்டார். அவரிடம் பதில் இல்லை. ஊதா நிறம் எனக்கும் பிடிக்கவில்லைதான், ஆனால் விளக்கே வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

மேற்குப் பார்த்த பால்கனி:

என் அனுபவம் சிறியது: ஒருமுறை கைபேசித் திரையிலேயே கண்ணை வைத்திருந்து முழு அந்தியையும் தவறவிட்டேன். அது போகட்டும். மேலே எழுதியவர்களின் விவரங்களில் சிலவற்றைத் தெளிவுபடுத்த வேண்டியிருக்கிறது.

தண்ணீரில் தெரியும் ஒளிக்கோடு பார்ப்பவரின் காலடியை நோக்கித்தான் வரும். பத்தடி தள்ளி நிற்பவருக்கு அது வேறு கோடு. ஆகவே பரிசல்காரர் வடக்கே விலகியபோது பெரியகுளத்துப் பக்கத்துவீட்டாரின் கோடு தெளிந்திருக்கும், ஆனால் வடக்கே தள்ளி நின்றிருந்தவரின் கோட்டில் பரிசல் போய் நின்றிருக்கும். அவர் எல்லோருக்கும் ஒருசேர வழிவிட்டிருக்க முடியாது.

அடுத்தது, எந்த மாதம் எங்கே நிற்பது என்பது. மார்ச், செப்டம்பர் பிற்பகுதியில் நேர் மேற்கே இறங்கும் சூரியன், டிசம்பரில் தெற்கே ஒதுங்கிப் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கமும், ஜூனில் வடக்கே மருதமலைப் பக்கமும் நகர்கிறது. ஆகவே வருடம் முழுவதும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு மரம் மறைக்கிறது என்று குறைசொல்வதில் பொருள் இல்லை. பைனாகுலரை மறந்தும் சூரியன் பக்கம் திருப்பாதீர்கள். கைபேசியில் எடுப்பவர்கள், சூரியனை ஒட்டிய வானத்தைத் திரையில் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டால் நிறம் வெளுக்காமல் வரும். முழுக்கைச் சட்டை அணியுங்கள், கொசு சரியாக அந்த நேரத்தில்தான் கிளம்பும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் குளங்களை வெட்டியவர்கள் அந்தியைப் பார்ப்பதற்காக வெட்டவில்லை. நொய்யலின் வெள்ளத்தை வாய்க்காலில் திருப்பிப் பாசனத்துக்குத் தேக்கினார்கள். நிலம் மேற்கே மலையடியில் உயர்ந்து கிழக்கே சரிவதால், தண்ணீரைத் தடுக்கும் கரை பெரும்பாலும் கிழக்குப் பக்கத்தில் அமைந்தது. அதனால்தான் கரையில் நிற்கிறவருக்கு முன்னால் தண்ணீர், அதற்குப் பின்னால் மலை, அதற்கும் மேல் சூரியன் என்று வரிசையாக வாய்க்கிறது. கடைசியாக, குளத்து மீனுக்குப் பொரியும் ரொட்டியும் போடுவதைத் தயவுசெய்து

(நீளம் அதிகமாகிவிட்டது, மீதியை நாளை எழுதுகிறேன்.)

தென்புறநகர்வாசி:

சென்னைக்காரர்களுக்கு அந்தி என்றால் மெரினா என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அந்தக் கடற்கரை கிழக்குப் பார்த்தது. அங்கே சூரியன் உதிக்கும், மறைவது நம் முதுகுக்குப் பின்னால், கட்டடங்களுக்கு இடையில். தண்ணீருக்கு மேல் மறைவதைப் பார்க்க வேண்டுமானால் சிட்லபாக்கம், செம்பாக்கம், போரூர் என்று ஏரிகளைத்தான் தேடிப் போக வேண்டும்.

எங்கள் ஏரியைச் சுற்றிலும் அடுக்குமாடிகள். ஒரு சித்திரை மாலையில் சூரியன் மறைந்த சில நிமிடங்களில் பகுதி முழுவதும் மின்சாரம் போய்விட்டது. தொலைக்காட்சி, குளிர்சாதனம் எல்லாம் ஒரே நேரத்தில் அடங்கின. புழுக்கம் தாங்காமல் ஒவ்வொரு பால்கனியிலும் ஆட்கள் வந்து நின்றார்கள். சுற்றிலும் வீடுகள் இருண்டு கிடக்க, ஏரி மட்டும் வானத்தின் வெளிச்சத்தை வைத்துக்கொண்டு பளபளத்தது. எதிர் மாடியில் ஒரு பெரியவர், "நம்ம ஏரியா இது?" என்று கேட்டது எனக்குத் தெளிவாகக் காதில் விழுந்தது. மின்சாரம் திரும்பியதும் எல்லோரும் ஒருசேர உள்ளே போய்விட்டார்கள். நானும்தான். அமைதி நாடுவோன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று அன்றைக்குத் தோன்றியது.

ரெண்டாவது வீதி மருமகள்:

தென்புறநகர்வாசி அவர்களே, அந்த இருட்டை நீங்கள் உங்கள் வீட்டுப் பால்கனியிலிருந்து பார்த்தீர்கள். என் மாமியார் கரையில் நிற்கும்போது மின்சாரம் போயிருந்தால் நான் ஏரியைப் பார்த்திருக்க மாட்டேன், அவர் கால் வைக்கும் இடத்தைத்தான் பார்த்திருப்பேன்.

அமைதி நாடுவோன்:

சகோதரி சொல்வதை ஏற்கிறேன். கால் வைக்கும் இடம் தெரிய முழங்கால் உயரத்தில் மஞ்சள் விளக்கு போதும். அதையும் சூரியன் மறைந்த பிறகு ஏற்றலாம். தண்ணீருக்கு எதற்கு ஊதா? இதற்கு மட்டும் யாராவது பதில் சொல்லுங்கள்.