கோவைக்கு ரயிலே வேண்டாம்னு சொல்றவங்க இங்க வாங்க

பீளமேட்டுக்காரன்:
பக்கத்து இழையில ஒரு மேதாவி "கோவை சைஸ் ஊருக்கு தண்டவாளமே தண்டச்செலவு, பஸ்ஸே போதும்"னு எழுதியிருக்காரு. கை தட்டவும் ஒரு கூட்டம். 2025 நவம்பர்ல டெல்லி நம்ம மெட்ரோ திட்டத்தைத் திருப்பி அனுப்பினப்ப என்ன சொன்னாங்க? 20 லட்சம் பேர் இல்லையாம். 2011 கணக்குல கோவை மாநகராட்சி 15.84 லட்சம். ஆக்ரா 15.85 லட்சம். அங்க 2024 மார்ச்லயே மெட்ரோ ஓடுது. ஒரு ஆயிரம் பேர் குறைஞ்சதுக்கு நமக்கு இல்லைங்களா?

கணக்குப்புள்ள:
அந்த மேதாவி நான்தானுங்க. 34.8 கிலோமீட்டருக்கு 10,740 கோடி. கிலோமீட்டருக்கு 300 கோடிக்கு மேல. அந்தக் காசுல எத்தனை பஸ் விடலாம்னு ஒரு தடவை வகுத்துப் பாருங்க.

பீளமேட்டுக்காரன்:
ஆக்ராவுல வகுத்துப் பார்த்தாங்களா?

ரயில்பித்தன்:
ரெண்டு பேரும் ஒரு நிமிஷம். திருப்பி வந்தது முழு மெட்ரோ. லைட் ரயில் வேற. மத்திய அரசு 2019லயே மெட்ரோலைட்டுக்குத் தனி வரையறை போட்டிருக்கு: சின்ன ரயில், சின்ன நிலையம், செலவும் கம்மி. எதைப் பத்திப் பேசுறோம்னு முதல்ல முடிவு பண்ணிக்கலாமே?

பீளமேட்டுக்காரன்:
அதெல்லாம் அப்புறம் பாக்கலாம். ஆக்ராவுக்குப் பதில் சொல்லச் சொல்லுங்க.

கணக்குப்புள்ள:
ஆக்ராவுல தாஜ்மஹால் இருக்கு. உலகமே வருது. இங்க என்ன இருக்கு, மருதமலையா?

சிறுவாணித்தண்ணி:
மருதமலைய ஏனுங்க இழுக்கறீங்க? தைப்பூசத்தன்னிக்கு வந்து நின்னு பாருங்க, கூட்டம்னா என்னன்னு தெரியும்.

கணக்குப்புள்ள:
கூட்டம் இருக்கட்டும். திருவனந்தபுரம், கோழிக்கோட்டுக்கு லைட் மெட்ரோன்னு டெல்லி மெட்ரோவைக் கட்டின ஸ்ரீதரனே வந்து திட்டம் போட்டாரு. 2018ல டெல்லி மெட்ரோ நிறுவனம் கடையைக் கட்டிட்டுப் போயிடுச்சு. அவராலயே முடியல.

பீளமேட்டுக்காரன்:
நீங்க அவிநாசி ரோட்டு மேம்பாலத்துக்கும் இதே பாட்டுத்தான் பாடினீங்க. "கோல்டுவின்ஸ்ல இருந்து உப்பிலிபாளையம் வரைக்கும் 10 கிலோமீட்டர் பாலமா, நடக்காது"ன்னு. 2025 அக்டோபர்ல திறந்தாச்சு. முதல் வாரமே நீங்க கார்ல போயி படம் போட்டதை நான் மறக்கலைங்க.

கணக்குப்புள்ள:
பாலத்துல போனா தப்பா? மேல பறந்து வந்து கீழ இறங்கினதும் நிக்கறோமே, அதைச் சொல்லுங்க.

பீளமேட்டுக்காரன்:
அதுக்குத்தானே ரயில் கேக்கறோம்! சாயங்காலம் ஹோப் காலேஜ்ல நீங்க சொல்ற பஸ்ல ஏறிப் பாருங்க. படியில நாலு பையன் தொங்குவான், கண்டக்டர் "உள்ள போ, உள்ள போ"ம்பாரு, உள்ள போக இடம் இருக்காது, ஸ்பீக்கர்ல பாட்டு காதைக் கிழிக்கும். இதுதான் "பஸ்ஸே போதும்". அப்புறம் இன்னொண்ணு. மாநகராட்சிய விட்டுட்டு சுத்துவட்டாரத்தையும் சேர்த்தா 2011லயே கோவை 21 லட்சம். எந்தக் கோட்டுக்குள்ள எண்ணினாங்க? ஆக்ரா சுத்துவட்டாரத்தையும் சேர்த்தாலும் 20 வராது. பதில் இருக்கா?

வைகைக்கரை:
அண்ணே, அன்னைக்கே எங்க மதுரைத் திட்டத்தையும் சேர்த்துத்தான் திருப்பி விட்டாங்க. திருமங்கலம் டூ ஒத்தக்கடை. ஒருத்தராச்சும் எங்க பேரைச் சொன்னீங்களா?

சிறுவாணித்தண்ணி:
உங்களுக்கு எய்ம்ஸ் வருதே, அது போதாதா?

வைகைக்கரை:
வருது வருதுன்னு 2019ல அடிக்கல் நட்டதுதேன். வம்புக்கு இழுக்காதீக.

ரயில்பித்தன்:
மெட்ரோலைட்டுன்னு ஒண்ணு சொன்னேன்...

கணக்குப்புள்ள:
சொன்னீங்க, படிச்சேன். சின்ன ரயிலுக்கும் அவிநாசி ரோட்டுல பாலத்தூணுக்குப் பக்கத்துல இடம் யாரு குடுப்பா? பீளமேட்டுக்காரர் வீட்டு முன்வாசலை இடிக்கச் சொல்லுங்க, மறுநாள் அவரே பஸ் கட்சிக்கு வந்துருவாரு.

பீளமேட்டுக்காரன்:
என் வாசலை நான் பாத்துக்கறேன். ஆக்ரா 15.85, கோவை 15.84. இதுக்குப் பதில் வராம நான் இந்த இழையை விட்டு நகர மாட்டேன்.

கணக்குப்புள்ள:
இருங்க. ஊரு அன்னூர்னு போன வருஷம் சொன்னீங்க, இப்ப எப்படிப் பீளமேடு ஆச்சு?

பீளமேட்டுக்காரன்:
அன்னூர்க்காரன் ரயில் கேக்கக் கூடாதுங்களா?