சின்ன வேலைக்கெல்லாம் வெளி லைப்ரரி (அடுத்தவங்க எழுதி வச்ச ரெடிமேட் கோடு) இழுக்கணுமா?

நைட்ஷிப்ட்: பைத்தான்ல இருந்தவன் நான், போன மாசம் ஒரு நோட் (Node.js, ஜாவாஸ்கிரிப்ட ப்ரவுசருக்கு வெளிய ஓட்டறது) ப்ராஜெக்ட்ல தூக்கிப் போட்டுட்டாங்க. எந்த லைப்ரரி வேணும்னு லிஸ்ட் போடற பேக்கேஜ் ஃபைல்ல நேரடியா இருக்கறது 14 தான், ஆனா அதெல்லாம் வந்து இறங்கற நோட் மாட்யூல்ஸ் உள்ள எட்டிப் பாத்தா 700 சொச்சம் ஃபோல்டர். லீட் கிட்ட கேட்டா ஊரே யூஸ் பண்ணுது உனக்கென்னங்கறார். கோ (Go) லாங்குவேஜ்ல எழுதற ஃப்ரெண்ட் விழுந்து விழுந்து சிரிக்கிறான். இது லாங்குவேஜ் கோளாறா, நம்ம பழக்கமா?

செமிகோலன்: ரெண்டும்தான் ப்ரோ. ஜாவாஸ்கிரிப்ட்ல கூடவே வர்றது ரொம்ப கம்மி, அதான் எல்லாத்துக்கும் ஒரு பேக்கேஜ். 2016 மார்ச்ல லெஃப்ட்பேட் கதை தெரியும்ல, ஸ்ட்ரிங் முன்னாடி ஸ்பேஸ் போடற பேக்கேஜ், வெறும் 11 வரி, எழுதினவர் பேர் தகராறுல கடுப்பாகி என்பிஎம்ல (ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ் கிடங்கு) இருந்து தூக்கிட்டார், பேபல்ங்கற பெரிய டூல் வரைக்கும் பில்ட் படுத்துடுச்சு. அடுத்த வருஷமே அதே வேலைய செய்ற பேட்ஸ்டார்ட் லாங்குவேஜ்லயே வந்துடுச்சு. கோல எச்டிடிபி சர்வர், ஜேசன் (டேட்டா ஃபார்மட்), டிஎல்எஸ் (என்க்ரிப்ட் பண்ணின கனெக்ஷன்) எல்லாம் கையோட வருது, அவன் சிரிக்கத்தான் செய்வான்.

துருப்பிடிச்சவன்: கூடவே வந்தா நல்லதுன்னும் சொல்லிட முடியாதுங்க. பைத்தான்ல வெப்ல இருந்து டேட்டா எடுக்க யுஆர்எல்லிப் உள்ளயே இருக்கு, ஆனா பாதிப் பேர் ரிக்வெஸ்ட்ஸ்ங்கற வெளி லைப்ரரிதான் போடறாங்க. உள்ள போனத வெளிய எடுக்கறதும் லேசில்ல, சிஜிஐ, டெல்நெட்லிப்னு பழைய மாட்யூலெல்லாம் கழட்ட பைத்தான் 3.13 வரைக்கும் ஆச்சு. ரஸ்ட் லாங்குவேஜ்ல ரெஜெக்ஸ் (டெக்ஸ்ட்ல பேட்டர்ன் தேடறது), ரேண்டம் நம்பர் கூட வெளியதான் இருக்கு, தெரிஞ்சே வச்சிருக்காங்க.

பழைய_கை: நான் உங்க எல்லாருக்கும் நேரெதிர் பக்கம் போய் அடி வாங்கினவன். லைப்ரரியே வேணாம்னு வீம்புக்கு டேட் கோடு நானே எழுதினேன், இந்திய நேரத்துக்கு 5.30 கூட்டிக் கழிச்சா முடிஞ்சுதுன்னு நெனப்பு, மார்ச்ல அமெரிக்காவுல கடிகாரத்த மாத்தினாங்க, க்ளையன்ட் ரிப்போர்ட் மொத்தமும் ஒரு மணி நேரம் தள்ளி நிக்குது, ராத்திரி ரெண்டு மணிக்கு போன். டைம்ஸோன், என்க்ரிப்ஷன் ரெண்டையும் சொந்தமா எழுதறேன்னு கை வைக்காதீங்க. ஸ்ட்ரிங் முன்னாடி ஸ்பேஸ் போடறதுக்கு நாலு வரி சொந்தமா எழுதிக்கலாம். தம்பி, என்பிஎம் எல்எஸ் ஆல் (npm ls --all) போட்டு பாரு, எது எத இழுத்துட்டு வந்துச்சுன்னு தெரியும். எந்த வெர்ஷன்னு குறிச்சு வைக்கற லாக் ஃபைல மறக்காம கமிட் பண்ணு.

நைட்ஷிப்ட்: போட்டேன்ணா. முக்கால்வாசி டெஸ்ட்டும் பில்ட் டூலும் இழுத்துட்டு வந்தது. ஒரே ஒரு கெட் ரிக்வெஸ்ட்டுக்கு (சர்வர்ல டேட்டா கேக்கறது) ஆக்ஸியோஸ்னு ஒரு லைப்ரரி இருந்துச்சு, நோட் 18ல இருந்து அதே வேலைக்கு ஃபெட்ச் உள்ளயே இருக்கே, தூக்கிட்டேன். லீட் இன்னும் பாக்கல 😅